நீலத்துக்குக் கீழே

கோட்டுப் பைகளைத் துழாவாமல்
எந்திரத்தில் போடக் கூடாது.
போர்த்தோவில், ஆற்றுக்கு இறங்கும் சந்தில்,
பதினோரு வருடமாக
என் வலது கைக்கு இதுதான் உத்தியோகம்.

டிராம் சீட்டு. பல்குத்தி. ஒற்றைக் காதணி.
'எலுமிச்சை இரண்டு, பல்பு, கிராசாவிடம் பேசாதே'
என்றொரு துண்டுத் தாள்.
யாரும் திரும்பி வந்து கேட்பதில்லை.
மூன்று மாதம் டப்பாவில், அப்புறம் குப்பையில்:
இது என் முதலாளி அடால்சிண்டா போட்ட சட்டம்.

ஒரு செவ்வாய்க்கிழமை எந்திரம் பழுது.
வெளியே விடாத மழை.
சும்மா இருந்த கை டப்பாவைக் கவிழ்த்தது.

தெரிந்து எதையும் செய்யவில்லை.
சட்டைக்குள் வைத்து மடிக்கும் அட்டை ஒன்று,
காலருக்குப் போடும் கஞ்சி, கொஞ்சம் கெட்டியாக.
முதல் தாளை ஒட்டினேன்.
அழப்போகிற குழந்தையின் முகம்போல் சுருங்கிற்று.
கஞ்சி கூடிப்போச்சு.
அடுத்த தாளுக்குக் குறைத்தேன்.
காய்ந்ததும் அது
சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டது.

கத்தரிக்கோல் நேர்மையான ஆள்,
அதனால் சீக்கிரம் அலுக்கிறது.
கையால் கிழித்தால்தான்
தாளுக்குள் இருக்கும் வெள்ளை
ஓரமெல்லாம் உதடுபோலப் பிதுங்குகிறது.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு
இரண்டு வாரமும்
கையில் அகப்பட்ட ஒரு மின்கட்டண ரசீதும் செலவாயின.

பிறகு நிற்க முடியவில்லை.
யாரோ ஒருவரின் கால்சட்டை மடிப்பில் வந்த
மத்தோசின்யோஸ் கடல் மணலைப்
பசையோடு குழைத்துத் தடவினேன்.
பொத்தானைத் தைக்கவில்லை, புதைத்தேன்.
எதுவும் எதோடும் சேராதபோது
ஜன்னல் சட்டத்துக்கு அடித்து மிஞ்சிய நீலத்தை
எல்லாவற்றின் மேலும் இழுத்துவிட்டேன்,
அழுக்கு மெத்தைமேல் விரிப்புப் போடுகிறவள் மாதிரி.

மார்ச்சில் எவரிஸ்தோ வந்தார்.
"சாம்பல் கோட்டு, நவம்பரில் போட்டது.
பையில் ஒரு லாட்டரிச் சீட்டு இருந்தது."
இருந்தது.
இருக்கிறது.
இடது மூலை, மூன்றாம் அடுக்கு,
மணலுக்குக் கீழே, நீலத்துக்கும் கீழே.

படத்தை மேசைமேல் வைத்தேன்.
திட்டுவார் என்று பார்த்தேன்.
மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
"ஆவி காட்டுங்கள்" என்றார்.

இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் கஞ்சி இளகியது.
தேக்கரண்டியின் முனையால் நான் சுரண்ட,
ஈரத்தை அவர் கைக்குட்டையால் ஒற்ற,
நீலம் பாம்புச்சட்டையாய் உரிந்தது.
ஏழு. பூஜ்யம். ஒன்று. ஏழு.
ஐந்தாவது இலக்கம் அங்கே இல்லை.
உரிந்த நீலச் செதிலின் முதுகில்
இடம்வலம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தது.
சுவர்க்கண்ணாடியில் காட்டினோம்.
கண்ணாடிக்குள் இரண்டு தலைகள்,
நடுவில் ஒரு மூன்று.

கைபேசியில் தேடினார், நெடுநேரம்.
பரிசு இல்லை. ஆறுதல் பரிசுகூட இல்லை.
சிரித்தபோது அவர் தோளில் இருந்த மழை
மேசைமேல் உதிர்ந்தது.
போகிற போக்கில் படத்தைக் குனிந்து படித்து,
"எனக்கும் ஒரு கிராசாவைத் தெரியும்.
பேசாமல் இருப்பதுதான் நல்லது"
என்று சொல்லிவிட்டுக்
குடையை மறந்து போனார்.

அவர் போன பின்பு பார்த்தேன்.
ஐந்து மாதமாய் நான் ஒட்டிய எதுவும்
அந்தச் சுரண்டிய மூலைக்கு ஈடில்லை.
பாதிச் சீட்டின் ஆரஞ்சு,
போக மறுத்த நாலு மணல்,
கிழிந்த நீலத்தின் கரை.
இத்தனை நாள் மூடத்தான் கற்றிருக்கிறேன்.
அந்தச் செதிலையும் தூக்கிப் போடவில்லை;
திரும்பிய மூன்றை அப்படியே
வேறோர் அட்டையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

இரும்புக் கதவை இழுத்துவிட வந்த அடால்சிண்டா
படத்தை எட்டிப் பார்த்தாள், கிட்டே போனாள்,
வலது ஓரத்தை நகத்தால் தொட்டாள்.
"அழகாய்த்தான் இருக்கிறது, சுல்மிரா.
இது நம் கடை மின்கட்டண ரசீதா?"

அப்போது வரை
விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.